நிகோடினைத் தாங்குவது உடலா, இடமா?

புகையிலையை முதன்முதலாகத் தொடுபவருக்குத் தலை கிறுகிறுக்கும். எச்சில் ஊறும், குமட்டும், நெஞ்சு படபடக்கும். சில வாரங்கள் கழித்து அதே ஆள் அதே அளவை எந்தத் தொந்தரவும் இல்லாமல் எடுத்துக்கொள்கிறார். உடம்பு பழகிவிட்டது என்று சொல்லிவிடுகிறோம். அப்படிப் பழகியது எது என்ற கேள்விக்கு மருந்தியலும் உளவியலும் நூறாண்டுக்கும் மேலாக விடை தேடி வருகின்றன. மூளையின் செல்கள் மாறிவிட்டன என்பது ஒரு விடை. கல்லீரல் வேகமாகச் சிதைக்கிறது என்பது இன்னொன்று. காலைநேரம், டீக்கடை பெஞ்சு, தீப்பெட்டி உரசும் சத்தம் ஆகியவற்றைக் கொண்டு நிகோடின் வரப்போவதை உடல் முன்கூட்டியே அறிந்து தயாராகிறது என்பது மூன்றாவது.

இந்த மூன்றாவது விடையே இக்கட்டுரையின் மையம். தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்துப் பாப்பாரப்பட்டி போன்ற ஊர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி மட்டுமன்று. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய், திருவிழாவுக்கும் விதைப்புக்கும் திரும்பி வருபவர்கள் நிறைந்த மாவட்டம் இது. ஆளும் பழக்கமும் மாறாமல் சூழல் மட்டும் மாறும் நிலை இங்கு அன்றாட நடப்பு. அத்தகைய மாற்றம் உடலின் தாங்குதிறனையும் மாற்றுமா என்பதற்குக் கிடைத்துள்ள விடைகளையும், அவை எங்கிருந்து வந்தன, எங்கே வலுவிழக்கின்றன என்பதையும் கீழே தொகுத்துப் பார்க்கலாம்.

தாங்குதிறன்: ஒரே பெயர், பல நிகழ்வுகள்

ஒரு பொருளைத் திரும்பத் திரும்ப எடுக்கும்போது அதே அளவுக்குக் கிடைக்கும் விளைவு குறைந்துகொண்டே போவதைத் தாங்குதிறன் என்கிறோம். இந்த வரையறைக்குள் வெவ்வேறு நிகழ்வுகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, பொருள் இரத்தத்தில் தங்கும் நேரம் குறைவது. இரண்டாவது, இரத்தத்தில் அதே அளவு இருந்தும் திசுக்கள் முன்போல் எதிர்வினை காட்டாதது. மூன்றாவது, சில மணி நேரத்துக்குள் வந்துபோகும் குறுகியகாலத் தாங்குதிறன். நான்காவது, மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் நீடிப்பது.

நிகோடினின் விளைவுகளும் ஒன்றல்ல. குமட்டல், இதயத்துடிப்பு, பசி குறைதல், வலி உணர்வு மட்டுப்படுதல், மனக்கிளர்ச்சி என அவை பலவகைப்படும். ஒன்றுக்கு வேகமாகவும் மற்றொன்றுக்கு மெதுவாகவும் தாங்குதிறன் வளரும். சிலவற்றுக்கு வளர்வதே இல்லை. ஆகவே 'நிகோடினுக்கான தாங்குதிறன்' என்று பொதுவாகப் பேசும் எந்த முடிவையும், எந்த விளைவுக்கு, எந்தக் கால அளவில் என்று கேட்டுத்தான் எடைபோட வேண்டியிருக்கிறது.

'சூழல்' என்பதற்கும் இங்கே இரு பொருள் உண்டு. வெப்பம், ஈரம், வேர்வை போன்றவை உடலுக்குள் புகும் நிகோடினின் அளவையே மாற்றக்கூடியவை. இடம், நேரம், வாசனை, உடனிருப்பவர்கள் போன்றவை அளவை மாற்றாமல், உடல் அதை எதிர்கொள்ளும் விதத்தை மாற்றக்கூடியவை. இவ்விரண்டையும் கலந்து பேசுவதால் எழும் குழப்பம் இத்துறையில் கணிசமானது.

முதல் இரு விடைகள்: உடலின் வேதியியல்

1828இல் ஹைடல்பெர்க்கில் போசெல்ட், ரைமான் என்ற இருவர் புகையிலையிலிருந்து நிகோடினைப் பிரித்தெடுத்தனர். 1889இல் கேம்பிரிட்ஜின் ஜே. என். லாங்லி, டிக்கின்சனுடன் சேர்ந்து, நரம்புமுடிச்சுகள்மீது நிகோடின் எப்படிச் செயல்படுகிறது என்று ஆராய்ந்தார். நிகோடின் முதலில் தூண்டி, பிறகு முடக்குகிறது என்ற கண்டுபிடிப்பு அந்தக் காலத்தது. 1905இல் லாங்லி, செல்லின் மேற்பரப்பில் இத்தகைய பொருள்களைப் பற்றிக்கொள்ளும் ஒரு 'ஏற்கும் பொருள்' இருக்க வேண்டும் என்று எழுதினார். இன்று ஏற்பி என்று அழைப்பது அதைத்தான்.

ஏற்பிக் கோட்பாட்டின் வழியில் வந்த விளக்கம் இது. நிகோடின், மூளையிலுள்ள அசிட்டைல்கோலின் ஏற்பிகளைப் பற்றுகிறது. தொடர்ந்து பற்றியிருந்தால் அவை உணர்விழந்து மூடிக்கொள்கின்றன. நாள்பட்ட பயன்பாட்டில் ஏற்பிகளின் எண்ணிக்கை கூடுகிறது என்பதை 1983இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆலன் காலின்ஸின் குழுவும், ஜார்ஜ்டவுனில் ஷ்வார்ட்ஸ், கெல்லர் இருவரும் தனித்தனியே விலங்குகளில் காட்டினர். புகைத்து இறந்தவர்களின் மூளையிலும் இந்த மிகுதி இருப்பது 1988இல் தெரியவந்தது.

குறுகியகாலத் தாங்குதிறனையும் இவ்வழியில் விளக்கலாம். நீல் பெனோவிட்ஸ் குழுவின் 1988ஆம் ஆண்டு ஆய்வில், இதயத்துடிப்பின் மீதான நிகோடின் விளைவுக்குத் தாங்குதிறன் ஏறத்தாழ அரை மணி நேரக் கணக்கிலேயே வளர்ந்து தேய்ந்தது. இரவு முழுதும் இடைவெளி விட்ட பிறகு வரும் காலையின் முதல் பீடி மற்ற வேளைகளைவிடக் 'கடுமையாக' இருப்பதற்கு இது போதுமான விளக்கம்.

நிகோடின் சிதையும் வேகம் இரண்டாம் விடை. கல்லீரலிலுள்ள சி.ஒய்.பி. 2ஏ6 என்ற நொதி நிகோடினைக் கோட்டினினாக மாற்றுகிறது. நிகோடினின் பாதி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். இந்த நொதியின் வேகம் ஆளுக்கு ஆள் மரபு வழியாக வேறுபடுகிறது.

இந்த விடைகளில் பலவீனங்களும் உண்டு. ஏற்பிகளின் எண்ணிக்கை கூடினால் விளைவும் கூடத்தானே வேண்டும், எப்படிக் குறைகிறது என்ற கேள்விக்கு 'கூடியவற்றில் பல உணர்விழந்தவை' என்பது பதிலாகத் தரப்படுகிறது. ஆனால் எண்ணிக்கை மாற்றமும் தாங்குதிறனும் எல்லாச் சோதனைகளிலும் ஒன்றாக நகர்வதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. ஏற்பியும் நொதியும் உடலோடு கூடவே போகின்றன. ஓர் அறையில் தாங்கிய உடல் அடுத்த அறையில் தாங்காமல் போனால், அதை ஏற்பிகளைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது.

மூன்றாம் விடை: கற்றுக்கொண்ட தற்காப்பு

இந்தச் சிக்கலின் முதல் தடயம் பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. தினமும் மார்ஃபின் ஊசி போடப்பட்ட நாய்கள், ஊசிக்கான ஏற்பாடுகளைக் கண்டதுமே எச்சில் ஒழுக்கி வாந்தியெடுத்தன. 1927இல் ஆங்கிலத்தில் வெளிவந்த பாவ்லோவின் நூல் இதைக் குறிப்பிடுகிறது. 1937இல் சுப்கோவ், ஸிலோவ் ஆகிய ரஷ்ய ஆய்வாளர்கள் வேறுவிதமான ஒன்றைக் கண்டனர். இதயத்துடிப்பை ஏற்றும் அட்ரினலினைத் திரும்பத் திரும்பப் பெற்ற நாய்களுக்கு, ஒருநாள் அதற்குப் பதில் வீரியமற்ற உப்புக்கரைசல் செலுத்தப்பட்டது. அவற்றின் இதயத்துடிப்பு இறங்கியது. மருந்து வரப்போகிறது என்ற அறிகுறிக்கு, மருந்தின் விளைவுக்கு நேர் எதிரான எதிர்வினை எழுந்திருந்தது.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக உளவியலாளர் ஷெப்பர்ட் சீகல் இந்த எதிர்த்திசையைத் தாங்குதிறனின் பொது விளக்கமாக வளர்த்தார். மார்ஃபின் தாங்குதிறன் கற்றலின் விளைவு என்று 1975இல் எலிச் சோதனைகளைக் கொண்டு வாதிட்டார். மருந்து எப்போதும் ஒரே சூழலில் வந்தால் அச்சூழலே முன்னறிவிப்பாகிறது என்பது அவர் கருத்து. முன்னறிவிப்பு கிடைத்ததும் உடல் ஈடுசெய்யும் எதிர்வினையைத் தொடங்குகிறது. பின்னால் வரும் மருந்தின் விளைவு அதனால் தணிகிறது. சூழல் மாறினால் முன்னறிவிப்பு இல்லை, ஈடுசெய்தலும் இல்லை. மருந்து முழு வீரியத்தோடு தாக்கும்.

1982இல் 'சயின்ஸ்' இதழில் சீகலும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஹெராயின் சோதனை இந்தக் கருத்துக்குப் பரவலான புகழ் தந்தது. முன் அனுபவமே இல்லாத எலிகளுக்குப் பெரிய அளவு கொடுத்தபோது சுமார் 96 விழுக்காடு இறந்தன. மருந்துக்குப் பழகிய எலிகளில், பழகிய சூழலிலேயே அந்த அளவைப் பெற்றவற்றில் சுமார் 32 விழுக்காடும், மாறிய சூழலில் பெற்றவற்றில் சுமார் 64 விழுக்காடும் இறந்தன. பழகிய இரு குழுக்களும் அதுவரை பெற்றிருந்த மருந்தின் அளவு ஒன்றே. வேறுபாடு சூழலில் மட்டுமே இருந்தது.

கற்றலின் மற்ற விதிகளும் இங்கே பொருந்தின. மருந்தில்லாமல் சூழலை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டினால் தாங்குதிறன் தேய்ந்தது. முன்பே மருந்தில்லாமல் பலமுறை பார்த்துப் பழகிய சூழலில் அது மெதுவாகவே வளர்ந்தது. ஏற்பிக் கோட்பாட்டிலிருந்து இந்த இரு முடிவுகளையும் எதிர்பார்க்க வழியில்லை.

நிகோடினில் கிடைத்த சான்று

மார்ஃபினுக்குப் பொருந்துவது நிகோடினுக்கும் பொருந்துமா என்று முறையாகச் சோதித்தவர்கள் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் லியனார்ட் எப்ஸ்டைன், ஆன்டனி கஜ்ஜியூலா குழுவினர். 1989இலும் 1991இலும் வந்த அவர்களின் எலி ஆய்வுகள் இத்துறையின் அடித்தளம். ஒரு குழு தனித்த அடையாளங்கள் கொண்ட அறையில் நிகோடின் பெற்றது. மற்றொரு குழு அதே அளவைத் தன் கூண்டில் பெற்றது. அந்த அறைக்கு அழைத்துவரப்பட்டபோது உப்புக்கரைசல் மட்டுமே பெற்றது. பிறகு இரு குழுக்களும் அதே அறையில் நிகோடினோடு சோதிக்கப்பட்டன. பசியைக் குறைக்கும் விளைவுக்கும், கார்ட்டிகோஸ்டீரோன் என்ற அழுத்தச் சுரப்பை உயர்த்தும் விளைவுக்கும், முதல் குழுவிடம் கூடுதல் தாங்குதிறன் காணப்பட்டது.

டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் அன்டோனியோ செபெடா-பெனிட்டோ 1998 முதல் வலி உணர்வை வைத்து இதைத் தொடர்ந்தார். நிகோடின் வலியைச் சற்று மட்டுப்படுத்தும். அந்த விளைவுக்கான தாங்குதிறனிலும் இடத்தின் பங்கு தெரிந்தது. மருந்துக்கு மருந்து விடும் இடைவெளி இதில் முக்கியமாயிற்று. இடைவெளி நீண்டதாக இருந்தால் இடம் சார்ந்த தாங்குதிறன் தெளிவாக வளர்ந்தது. இடைவெளி குறுகினால் இடம் சாராத தாங்குதிறன் மேலோங்கியது.

பின்னர் வரும் விவாதத்துக்கு இந்தக் கடைசி முடிவு மிகவும் வேண்டியது. நாளொன்றுக்கு ஒரு கட்டுப் பீடி புகைப்பவரின் இடைவெளிகள் குறுகியவை. விடியல் முதல் இரவு வரை எல்லா இடத்திலும் அவர் நிகோடின் பெறுகிறார். எந்த ஓரிடமும் அவருக்குத் தனி முன்னறிவிப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. கோட்பாட்டின்படி இடத்தின் பங்கு பெரிதாக இருக்க வேண்டியது, எப்போதாவது, குறிப்பிட்ட இடத்தில் மட்டும் புகைப்பவரிடம்.

எதிர்வாதங்கள்

கற்றல் கோட்பாட்டுக்கு மூன்று முனைகளிலிருந்து எதிர்ப்பு வந்தது.

முதலாவது, எதிர்வினை எங்கே என்ற கேள்வி. ஈடுசெய்யும் எதிர்வினைதான் தாங்குதிறனுக்குக் காரணம் என்றால், மருந்தில்லாமல் சூழலை மட்டும் காட்டும்போது அந்த எதிர்வினை வெளிப்பட வேண்டும். பல சோதனைகளில் அது வெளிப்படவில்லை. 1985இல் பேக்கர், டிஃபனி ஆகியோர், தாங்குதிறன் என்பது எதிர்த்தாக்குதலே இல்லை, வெறும் பழகல் என்று வாதிட்டனர். எதிர்பார்த்த ஒன்று வரும்போது மூளை அதைக் குறைவாகவே பொருட்படுத்துகிறது. இடத்தின் பங்கை விளக்க எதிர்வினை எதுவும் தேவையில்லை என்பது அவர்கள் கட்சி.

இரண்டாவது, ஹார்மோன் வழி விளக்கம். 1992இல் காலின்ஸின் குழு, ஊசி வழியாகத் தொடர்ந்து நிகோடின் பெறும் விலங்குகளின் தாங்குதிறனில் கார்ட்டிகோஸ்டீரோனுக்குப் பங்கிருக்கலாம் என்று காட்டியது. இச்சுரப்பு மிகுந்தால் நிகோடினுக்கான உணர்திறன் குறைகிறது. பிட்ஸ்பர்க் குழு இதைத் தன் கோட்பாட்டோடு இணைத்துக்கொண்டது. நிகோடினை முன்னறிவிக்கும் சூழலே அச்சுரப்பைத் தூண்டக்கூடும், அதன் வழியாகவே தாங்குதிறன் கூடக்கூடும் என்பது அந்த இணைப்பு. கற்றலையும் வேதியியலையும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகக் காட்டுவது இதன் பலம். எல்லா விளைவுகளுக்கும் இது பொருந்துமா என்பது தீரவில்லை.

மூன்றாவது, திசையின் சிக்கல். நிகோடின் பெற்ற எலிகள் நாளடைவில் கூடுதலாக ஓடியாடத் தொடங்கும். இந்த விளைவு தேயாமல் வளர்கிறது. அந்த வளர்ச்சியும் பழகிய சூழலில்தான் வலுவாக வெளிப்படுகிறது. ஒரே சூழல் ஒரு விளைவைத் தணிக்கவும் மற்றொன்றை மிகுவிக்கவும் செய்கிறது என்றால், 'சூழல் தாங்குதிறனைக் கூட்டும்' என்ற பொதுவிதி நிற்காது. மருந்தின் விளைவில் எது மூளைக்குள் செல்லும் செய்தி, எது மூளையிலிருந்து வரும் பதில் என்று பிரித்தால் திசையை முன்கூட்டிச் சொல்லலாம் என்று 1982இல் ஐக்கல்பூம், ஸ்டூவர்ட் இருவரும் முன்மொழிந்தனர். அது பலராலும் ஏற்கப்பட்டாலும், நடைமுறையில் அப்படிப் பிரிப்பது எளிதாக இல்லை.

மனிதரிடம் என்ன தெரிகிறது?

மனிதருக்கு வரும்போது சான்று மெலிகிறது. சாராயத்தைப் பற்றி ஓரளவு நேரடிச் சோதனைகள் உண்டு. 1982இல் டாஃப்டர்ஸ், ஆண்டர்சன் இருவரும் குடித்தவர்களின் இதயத்துடிப்பில் அறை சார்ந்த தாங்குதிறனைக் கண்டனர். 1997இல் ரெமிங்டனும் சக ஆய்வாளர்களும் ஒரே அளவு சாராயத்தைச் சிலருக்குப் பழகிய பீராகவும், சிலருக்கு நீலநிறத்தில் புதினா மணக்கும் பானமாகவும் கொடுத்தனர். பழகாத பானம் குடித்தவர்கள் கூடுதலாகத் தடுமாறினர்.

நிகோடினைப் பொறுத்தவரை இப்படிப்பட்ட நேரடிச் சோதனைகள் மிகக் குறைவு. இருப்பவற்றில் பெரும்பாலானவை தாங்குதிறனை அளக்காமல் ஏக்கத்தை அளக்கின்றன. கார்ட்டர், டிஃபனி ஆகியோரின் 1999ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, புகைப்பது தொடர்பான காட்சிகளையும் பொருள்களையும் கண்டதும் புகைப்பவர்களின் ஏக்கம் பெரிதும் உயர்வதைக் காட்டியது. உடல் மாற்றங்கள் சிறியவை. அதோடு இதயத்துடிப்பு சற்று ஏறியது, தோலின் வெப்பம் சற்று இறங்கியது. இரண்டும் நிகோடினே செய்யும் வேலைகள். ஈடுசெய்யும் எதிர்வினை என்றால் திசை மாறியிருக்க வேண்டும். சீகலின் கோட்பாட்டை மனிதரின் நிகோடின் பழக்கத்துக்கு அப்படியே பொருத்துவதற்கு இது வலுவான தடை.

பிட்ஸ்பர்க்கின் சிந்தியா காங்க்ளின் 2008இல் வேறொன்றைக் காட்டினார். பீடிக்கட்டு, சாம்பல் கிண்ணம் போன்ற பொருள்கள் எதுவும் இல்லாத வெறும் இடங்களின் படங்களே ஏக்கத்தைத் தூண்டப் போதுமானவை. டெல் அவிவைச் சேர்ந்த ரூவன் டார் 2010இல் புகைக்கும் விமானப் பணியாளர்களை ஆராய்ந்தார். குறுகிய பயணமானாலும் நீண்ட பயணமானாலும், தரையிறங்கும் நேரம் நெருங்கும்போதே அவர்களின் ஏக்கம் உச்சம் தொட்டது. கடைசியாகப் புகைத்து எத்தனை மணி நேரமாயிற்று என்பதைவிட, அடுத்து எப்போது புகைக்கலாம் என்ற எதிர்பார்ப்பு வலுவாக இருந்தது. இரண்டுமே சூழலின் பிடிக்குச் சான்றுகள். தாங்குதிறனுக்கு அவற்றை நேரடிச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

கென்னத் பெர்கின்ஸ் குழுவின் 2001ஆம் ஆண்டு ஆய்வு மற்றொரு புதிரை வைத்தது. புகைப்பதை விட்டுப் பல ஆண்டுகளானவர்களிடமும், நிகோடினின் பல விளைவுகளுக்கு, இன்றும் புகைப்பவர்களை ஒத்த தாங்குதிறன் இருந்தது. ஏற்பிகளின் மிகுதி புகைப்பதை விட்ட சில வாரங்களில் இயல்புக்குத் திரும்புவதாகவே மூளைப் படிம ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியிருக்க ஆண்டுகள் கடந்தும் நிற்கும் தாங்குதிறன் கற்றலின் எச்சமாக இருக்கலாம். இயல்பிலேயே உணர்திறன் குறைந்தவர்கள்தாம் புகைக்கத் தொடங்கினார்கள் என்றும் விளக்கலாம். எது சரி என்று அந்த ஆய்வைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களின் கதையும் இங்கே அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தனர். ஊர் திரும்பிய பின் பெரும்பாலோர் விட்டுவிட்டனர் என்பது லீ ராபின்ஸின் ஆய்வு முடிவு. சூழல் மாற்றம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் மலிவான ஹெராயினும் போர் அச்சமும் கூடவே மறைந்துவிட்டன. தாங்குதிறனை அந்த ஆய்வு அளக்கவும் இல்லை.

இன்னொரு வேறுபாட்டையும் மறக்கக்கூடாது. ஹெராயின் ஊசி ஒரே மூச்சில் உடலுக்குள் போய்விடும். புகைப்பவர் இழுப்புக்கு இழுப்பு அளவைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். ஒரு சிகரெட்டிலிருந்து உடலில் சேர்வது ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் நிகோடின். ஆகவே சூழல் மாறித் தாங்குதிறன் குறைந்தாலும் அது மரணமாக வெளிப்பட வாய்ப்பில்லை. கிறுகிறுப்பாகவோ குமட்டலாகவோ தோன்றி, ஆள் பீடியைக் கீழே போடுவதோடு முடிந்துவிடும். நிகோடினில் இந்நிகழ்வு கண்ணில் படாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

வெயிலும் வேர்வையும்: அளவை மாற்றும் சூழல்

சூழலின் இன்னொரு பொருளுக்கு வருவோம். 1996இல் பின்லாந்து ஆய்வாளர்கள், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையோடு நீராவிக் குளியலில் இருந்தவர்களின் இரத்தத்தில் நிகோடின் உயர்ந்ததைக் கண்டனர். வெப்பம் தோலின் இரத்த ஓட்டத்தைக் கூட்டியது காரணம். புகையிலை வயல்களில் இது தொழில்நோயாகவே தெரிந்திருக்கிறது. ஈர இலையைக் கையாள்பவர்களின் தோல் வழியாக நிகோடின் புகுந்து தலைசுற்றலும் வாந்தியும் உண்டாவதை 1974இல் கெல்பாக் குழு அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் 'பச்சைப் புகையிலை நோய்' என்று விவரித்தது. அகமதாபாத்தின் தேசியத் தொழில்நலன் நிறுவன ஆய்வாளர்கள் குஜராத் வயல்களில் இதே துன்பத்தைப் பதிவு செய்தனர். திண்டுக்கல், வேடசந்தூர், வேதாரண்யம் பகுதிகளில் வாய்ப்புகையிலை பயிரிடும் தமிழ்நாட்டுக்கும் இது அந்நியமான செய்தியில்லை.

புகைக்கும் தொழிலாளர்களுக்கு இந்நோய் குறைவாக வந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. புகைத்துப் பெற்ற தாங்குதிறன் வயலிலும் பயன்பட்டது என்றால், அது இடம் மாறியும் உடலோடு வந்திருக்கிறது. இடமே எல்லாம் என்ற தீவிர நிலைப்பாட்டுக்கு இது எதிர்ச்சான்று.

வெற்றிலையோடு சேரும் சுண்ணாம்பும் அளவை மாற்றும் சூழலைச் சேர்ந்ததே. அதன் காரத்தன்மை நிகோடினை வாயின் மென்தோல் வழியே எளிதில் புகும் வடிவுக்கு மாற்றுகிறது. சுண்ணாம்பு கூடிய நாளில் தலை கிறுகிறுத்தால், தாங்குதிறன் குறைந்தது என்று கொள்வதற்கு முன் அளவு கூடியதா என்று பார்க்க வேண்டும்.

பாப்பாரப்பட்டிக்குக் கொண்டுவந்து பார்த்தால்

இதுவரை கண்ட சான்றுகள் பெரும்பாலும் வட அமெரிக்க ஆய்வகங்களிலிருந்து வந்தவை. அவற்றில் மனிதர் என்றால் சிகரெட் புகைப்பவர். நம் ஊர்களில் நிகோடின் பல வழிகளில் உடலுக்குள் போகிறது. பீடி, சிகரெட், வெற்றிலை பாக்கோடு மெல்லும் புகையிலை, தடையை மீறி விற்கப்படும் ஹான்ஸ் வகைகள், உதட்டுக்குள் ஒதுக்கிவைக்கும் சிறு பொட்டலங்கள் என்று அது பலவகை. 2016-17இன் உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 20.0 விழுக்காட்டினர் ஏதோவொரு வடிவில் புகையிலை பயன்படுத்தினர். 2009-10இல் அது 16.2 விழுக்காடாக இருந்தது. நாடு முழுவதும் 34.6இலிருந்து 28.6ஆகக் குறைந்த அதே காலத்தில் இங்கு கூடியிருக்கிறது.

வடிவத்துக்கு வடிவம் சூழலின் பங்கு மாறக்கூடும். பீடிக்கு நெருப்பும் புகையும் ஒதுங்க ஓரிடமும் வேண்டும். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கும் விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ளன. புகைக்கும் இடங்கள் குறையக் குறைய, எஞ்சிய சில இடங்களே முன்னறிவிப்பாக வலுப்பெறலாம் என்று கோட்பாட்டைக் கொண்டு ஊகிக்கலாம். உதட்டுக்குள் வைக்கும் பொட்டலத்துக்கு எந்த இடமும் தேவையில்லை. பேருந்திலும் கட்டடச் சாரத்திலும் வயலிலும் அது ஒன்றே. அங்கே முன்னறிவிப்பாவது இடத்தைவிட வாயின் எரிச்சலும் பொட்டலத்தின் வாசனையுமாக இருக்கலாம். அவை ஆளோடு கூடவே செல்பவை.

பாப்பாரப்பட்டியிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஊரில் மாலையில் நண்பர்களோடு மட்டும் புகைத்தவர் என்றால், புதிய இடத்தில் முதல் சில பீடிகள் அவருக்குச் சற்றுக் கடுமையாக இருக்கலாம் என்பது சீகலின் வழியில் வரும் கணிப்பு. நாள் முழுதும் புகைத்தவர் என்றால் வேறுபாடு பெரிதாக இராது என்பது செபெடா-பெனிட்டோவின் முடிவுகளிலிருந்து வருவது. வெயிலில் சுமை தூக்கும் உடலின் இரத்த ஓட்டமும், உறக்கக் குறைவும், கூடுதல் எண்ணிக்கையும் இவ்விரண்டு கணிப்புகளையும் குழப்பக்கூடும். எலிகளுக்குச் செய்தது போல இவற்றைப் பிரித்து அளப்பதற்கு இடம்பெயரும் தொழிலாளர் வாழ்க்கையே இயற்கையான களமாக அமைந்திருக்கிறது. ஊர், வேலையிடம் இரண்டிலும் அதே ஆளின் எச்சிலில் கோட்டினின் அளவையும், ஒரே அளவு நிகோடினுக்கு அவரது இதயத்துடிப்பு காட்டும் மாற்றத்தையும் அளந்தால், உள்ளே போன அளவின் பங்கையும் இடத்தின் பங்கையும் ஓரளவு பிரித்துவிடலாம்.

விடுவிக்கும் முயற்சிக்கு இதனால் என்ன?

சூழல் கற்றுத்தந்ததைச் சூழலைக் கொண்டே மறக்கச் செய்யலாம் என்ற நம்பிக்கையில் தோன்றியது, பீடியைக் காட்டி ஆனால் புகைக்கவிடாமல் பழக்கும் சிகிச்சைமுறை. காங்க்ளின், டிஃபனி இருவரும் 2002இல் இத்தகைய சிகிச்சைகளைத் தொகுத்து ஆராய்ந்து, பலனுக்கு உறுதியான சான்றில்லை என்றனர். வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் பூட்டன் விலங்குகளில் கண்டது இதற்கு விளக்கமாகலாம். ஓரிடத்தில் கற்றது எங்கும் பரவுகிறது. வேறோரிடத்தில் அதை மறந்தது மட்டும் அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. மருத்துவமனை அறையில் தணிந்த ஏக்கம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் திரும்புவது வியப்பில்லை.

2002இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு இந்தியாவில் புகையிலை விடுவிப்பு மையங்கள் தொடங்கப்பட்டபோது, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் பெங்களூரு நிம்ஹான்ஸும் அவற்றில் இடம்பெற்றன. அத்தகைய மையங்கள் தவிர்க்க முடியாதவை. மேற்கண்ட சான்றுகளின் அடிப்படையில், ஆளிருக்கும் இடத்துக்கே செல்லும் தொலைபேசி ஆலோசனைக்கும் ஊர் சுகாதாரப் பணியாளரின் தொடர் வருகைக்கும் தனி மதிப்பு இருப்பதாகக் கருத இடமுண்டு.

மதிப்பீடு

நிகோடின் தாங்குதிறனில் சூழலுக்குப் பங்குண்டு என்பது விலங்கு ஆய்வுகளில் நிலைநாட்டப்பட்டதாகவே கொள்ளலாம். அந்தப் பங்கு எல்லா விளைவுகளுக்கும் ஒன்றில்லை. மருந்துகளுக்கிடையே நீண்ட இடைவெளி இருக்கும்போது பெரிதாகவும் குறுகும்போது சிறிதாகவும் தெரிகிறது. அது ஈடுசெய்யும் எதிர்வினையால் நிகழ்கிறதா, பழகலாலா, கார்ட்டிகோஸ்டீரோன் வழியாகவா என்பது முடிவாகவில்லை. இவற்றில் ஒன்றே சரியென்று கொள்ளவும் தேவையில்லை. ஏற்பி விளக்கமும் கற்றல் விளக்கமும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. நிமிடக்கணக்கில் வந்துபோகும் தாங்குதிறனுக்கு முன்னதும், நாள்பட்டு நிற்பதற்குப் பின்னதும் பொருத்தமாகத் தோன்றுகின்றன.

மனிதரைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. சூழல் ஏக்கத்தைத் தூண்டுகிறது என்பதற்குச் சான்று ஏராளம். தாங்குதிறனை மாற்றுகிறது என்பதற்கு நேரடிச் சான்று சொற்பம். ஹெராயின் எலிகளின் எண்களைப் புகைப்பவர்களுக்குப் பொருத்திப் பேசும் கட்டுரைகளை அந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். பீடியையும் மெல்லும் புகையிலையையும் மையமாகக் கொண்ட ஆய்வுகள் வராதவரை நம் ஊர்களுக்கான விடை ஊகமாகவே இருக்கும்.

நடைமுறைக்கு ஒன்றை மட்டும் இப்போதே சொல்லலாம். விட நினைப்பவரிடம் ஒரு நாளைக்கு எத்தனை என்று மட்டும் கேட்பது போதாது. எங்கே, எப்போது, யாரோடு, எதற்குப் பிறகு என்று கேட்டு, அந்த இடங்களுக்கும் வேளைகளுக்கும் முன்கூட்டியே வழி செய்துவைக்க வேண்டும். இந்த ஆலோசனையைக் கட்டணமின்றித் தரும் தேசிய எண் 1800-11-2356.